தொடரியற் சீனியும் நிலைப்பொறியும்: பைதன் மொழிப் பயிற்சி

மாணவர்களே, செய்நிரற் பகுதியொன்றைத் தந்து "இதன் வருவிளைவு யாது?" எனக் கேட்கும் வினாக்களில் புள்ளியை இழப்போர் பலர் கட்டளைகளை அறியாதவர்கள் அல்லர். கட்டளையை அறிந்திருப்பர். ஆனால் அது சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும்போது உள்ளே மறைந்திருக்கும் ஒரு படியைத் தவறவிட்டுவிடுவர். அப்படியைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை ஏற்படுத்துவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இங்கு செய்நிரல்கள் தமிழ்ப் போலிக்குறிமுறையில் தரப்பட்டுள்ளன. அவற்றைப் பைதனில் எழுதி இயக்கிப் பார்த்தல் உங்கள் வேலையாகும். 2008இல் வெளிவந்த பைதன் 3 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம்; மொத்தம் = 0 என்பது கணினி ஏற்றுக்கொள்ளும் கூற்றாகும். ஒதுக்கப்பட்ட சொற்களை மாத்திரம் ஆங்கிலத்தில் எழுதவேண்டும்.

1. தொடரியற் சீனி

மொத்தம் = மொத்தம் + புள்ளி என்பதை மொத்தம் += புள்ளி என எழுதுகின்றோம். இரண்டாவது வடிவத்தை மொழியிலிருந்து நீக்கிவிட்டாலும் நாம் செய்யக்கூடிய எந்த வேலையும் குறைந்துவிடாது. எழுதும் நீளம் மாத்திரமே கூடும். இவ்வாறு மொழியின் ஆற்றலைக் கூட்டாது, எழுதுவதையும் வாசிப்பதையும் இலகுவாக்கும் அமைப்புத் தொடரியற் சீனி எனப்படும். சீனி போடாவிட்டாலும் தேநீர் தேநீரே. இப்பெயரை 1964இல் பீற்றர் லான்டின் என்னும் பிரித்தானியக் கணினி விஞ்ஞானி வழங்கினார்.

ஒரு சீனிக் கூற்றைக் கண்டால் செய்யவேண்டியது ஒன்றே: அதனை விரித்து எழுதிப் பார்த்தல். பின்வரும் கூற்றை நோக்குக.

50 <= புள்ளி < 65

பைதனில் இதன் விரிவு (50 <= புள்ளி) உம் (புள்ளி < 65) என்பதாகும். புள்ளி 90 எனின் முதற்பகுதி உண்மை, இரண்டாம் பகுதி பொய். ஆகவே விடை பொய். இதே கூற்றைச் சீ மொழியில் எழுதினால் என்ன நிகழும்? சீ மொழியில் இந்தச் சீனி இல்லை. அது இடமிருந்து வலமாக முதலில் 50 <= 90 என்பதைக் கணித்து 1 எனப் பெறும். பின்னர் 1 < 65 எனக் கேட்கும். விடை உண்மை! புள்ளி 10 ஆயினும் 0 < 65 என்பதால் உண்மையே. வழு அறிவித்தலும் இன்றிச் செய்நிரல் தவறான விடையைத் தந்துகொண்டிருக்கும். ஒரு மொழியிற் பழகிய சுருக்கத்தை இன்னொரு மொழிக்கு அப்படியே எடுத்துச் செல்லலாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்ததாக, பரீட்சையில் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு வேலை: 'ஃபோர்' வளையத்தை 'வைல்' வளையமாக மாற்றுதல்.

எண்கள் = [4, -1, 7, 3]
மொத்தம் = 0
எண்கள் பட்டியலின் ஒவ்வோர் எண்ணுக்கும்:
    எண் < 0 எனின்:
        அடுத்த சுற்றுக்குச் செல்க
    மொத்தம் += எண்
மொத்தத்தைக் காட்சிப்படுத்துக

வருவிளைவு 14 ஆகும். 'அடுத்த சுற்றுக்குச் செல்க' என்பது பைதனின் 'கன்டினியூ' கூற்று. இதனை மாற்றி எழுதும் மாணவர் பலரின் விடை பின்வருமாறு அமையும்.

சுட்டி = 0
சுட்டி < 4 ஆக இருக்கும்வரை:
    எண்கள்[சுட்டி] < 0 எனின்:
        அடுத்த சுற்றுக்குச் செல்க
    மொத்தம் += எண்கள்[சுட்டி]
    சுட்டி += 1

பார்வைக்குச் சரிபோலத் தோன்றும். கையால் ஓட்டிப் பாருங்கள். சுட்டி 0 ஆகும்போது மொத்தம் 4. சுட்டி 1 ஆகின்றது. அங்கே -1 உள்ளது. நிபந்தனை உண்மை ஆகையால் அடுத்த சுற்றுக்குச் செல்கின்றோம். ஆனால் சுட்டியைக் கூட்டும் வரி கீழே இருக்கின்றது. அதனை அடையவே இல்லை. மீண்டும் சுட்டி 1, மீண்டும் -1. செய்நிரல் முடிவின்றிச் சுழலும்.

தவறு எங்கே? 'ஃபோர்' வளையம் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு வேலைகளைச் செய்கின்றது: அடுத்த உறுப்பை எடுத்துத் தருகின்றது, தான் நிற்கும் இடத்தை ஒன்றால் நகர்த்துகின்றது. இரண்டும் வளையத்தின் உடலுக்குள் நுழையும் முன்னரே முடிந்துவிடும். எனவே சரியான விரிவில் எண் = எண்கள்[சுட்டி], சுட்டி += 1 ஆகிய இரண்டு வரிகளும் நிபந்தனைக்கு மேலே வரவேண்டும்.

'நான் எவ்விடத்தில் நிற்கின்றேன்' என்னும் ஞாபகம் ஒன்றை 'ஃபோர்' வளையம் நமக்குத் தெரியாமல் வைத்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்க. சீனி மறைத்தது அந்த ஞாபகத்தைத்தான். இரண்டாம் பகுதியில் இதற்கு மீண்டும் வருவோம்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. += என்பதை எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு விரிக்கலாகாது. எண்களில் வேறுபாடு இல்லை; பட்டியல்களில் உண்டு.

அ = [1, 2]
ஆ = அ
ஆ += [3]

இப்போது அ என்பதைக் காட்சிப்படுத்தினால் [1, 2, 3] எனக் கிடைக்கும். அ, ஆ இரண்டும் ஒரே பட்டியலின் இரு பெயர்கள்; += அந்தப் பட்டியலையே நீட்டிவிடுகின்றது. மூன்றாம் வரியை ஆ = ஆ + [3] என எழுதினாலோ புதிய பட்டியலொன்று உருவாகி ஆ அதனைக் குறிக்கும்; அ முன்போல [1, 2] ஆகவே இருக்கும். இரண்டும் ஒன்றே என மனனம் செய்தவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

2. நிலைப்பொறி

நிலைப்பொறி என்பது வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையான நிலைகளைக் கொண்டது. எந்நேரத்திலும் அவற்றுள் ஒன்றில் மாத்திரமே இருக்கும். உள்ளீடு ஒன்று வரும்போது, இப்போதைய நிலையையும் அவ்வுள்ளீட்டையும் கொண்டு அடுத்த நிலை தீர்மானிக்கப்படும். கடந்தகாலம் முழுவதையும் அது ஞாபகம் வைத்திருப்பதில்லை. தேவையான அளவு மாத்திரம் 'நிலை' என்னும் பெயரில் வைத்திருக்கின்றது.

பெயர் புதிதாயினும் பொருள் உங்களுக்குப் புதிதன்று. தருக்கப் படலைகளைக் கற்கும்போது கண்ட எழுவிழு, இரண்டு நிலைகளைக் கொண்ட பொறியாகும். பணிசெயல் முறைமையில் ஒரு செயன்முறை ஆயத்தம், ஓடுதல், தடுக்கப்படல் முதலிய நிலைகளிடையே மாறுவதும் நிலைமாற்ற வரைபடமே. அவ்வரைபடத்தில் தடுக்கப்பட்ட நிலையிலிருந்து ஓடும் நிலைக்கு நேர் அம்புக்குறி இல்லை என்பதை நினைவிற் கொள்க. காத்திருந்த நிகழ்வு முடிந்ததும் செயன்முறை முதலில் ஆயத்த நிலைக்கே வரும். வரைபடத்தில் இல்லாத அம்புக்குறியும் ஒரு செய்தியைச் சொல்கின்றது.

முதலில் மிகச் சிறிய பொறி ஒன்று. ஒரே பொத்தானை அழுத்த விளக்கு எரியும். மீண்டும் அழுத்த அணையும். மாணவர் ஒருவர் எழுதிய விடை:

பொத்தான் அழுத்தப்படும் ஒவ்வொரு முறையும்:
    நிலை அணைவு எனின்:
        நிலை = எரிவு
    நிலை எரிவு எனின்:
        நிலை = அணைவு

இவ்விளக்கு ஒருபோதும் எரியாது. அணைவாக இருந்த நிலையை முதல் நிபந்தனை எரிவாக மாற்றுகின்றது. உடனேயே இரண்டாம் நிபந்தனை அந்தப் புதிய நிலையைப் பார்த்து மீண்டும் அணைத்துவிடுகின்றது. ஓர் உள்ளீட்டுக்கு ஒரு நிலைமாற்றமே நிகழவேண்டும்; இங்கு இரண்டு நிகழ்ந்துவிட்டன. இரண்டாம் நிபந்தனையை 'இன்றேல்' கொண்டு தொடங்கினால் சரியாகும். பைதனில் இதற்குரிய சொல் 'எலிஃப்'. அதுவும் சீனிதான்: 'இன்றேல்' என்பதன் உள்ளே இன்னொரு 'எனின்' கூற்றை உள்தள்ளி எழுதுவதன் சுருக்கம். ஆனால் அந்த 'இன்றேல்' என்னும் பகுதியை வீண் என எண்ணி விட்டுவிட்டால் பொறியே பழுதாகும்.

இனி, நிலை உண்மையாகவே தேவைப்படும் ஒரு பிரசினத்தைப் பார்ப்போம்.

3. தமிழ் எழுத்துகளை எண்ணும் பொறி

"பரீட்சை" என்னும் சரத்தின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 7 என்னும். நாம் எண்ணினால் ப, ரீ, ட், சை என நான்கு எழுத்துகளே. பைதன் தவறு செய்யவில்லை. யுனிகோட் முறையில் மெய்யெழுத்து வரிசைக்கு அகரமேறிய வடிவமே அடிப்படை. புள்ளியும் ஈகாரக் குறி, ஐகாரக் குறி போன்றவையும் தனித்தனிக் குறியெண்களைக் கொண்ட வரியுருக்கள். ஆகவே ப, ர, ஈகாரக் குறி, ட, புள்ளி, ச, ஐகாரக் குறி என ஏழு வரியுருக்கள் உள்ளன.

எழுத்துகளை எண்ணுவதற்கு இலகுவான விதி, குறிகளை விட்டு மற்றவற்றை எண்ணுவதாகும். "பரீட்சை" 4 எனச் சரியாகக் கிடைக்கும். "பக்ஷி" என்பதைக் கொடுத்துப் பாருங்கள். ப, க, புள்ளி, ஷ, இகரக் குறி. குறிகளை விட்டால் 3. ஆனால் க்ஷ என்பதை ஓர் எழுத்தாகக் கொள்வோமாயின் விடை 2 ஆக இருக்கவேண்டும். விதி தோற்றுவிட்டது. ஏனெனில் ஷ வரும்போது அதனை எண்ணுவதா விடுவதா என்பது ஷவைப் பார்த்து மாத்திரம் சொல்லக்கூடியதன்று. அதற்கு முன் வந்தது என்ன என்பது தெரியவேண்டும்.

எவ்வளவு ஞாபகம் வேண்டும்? சரம் முழுவதும் வேண்டியதில்லை. சற்றுமுன் க வந்ததா, அல்லது கவும் அதன்மேற் புள்ளியும் வந்தனவா என்பது போதும். ஆகவே மூன்று நிலைகள்: பொது, க_கண்டது, க்_கண்டது. தொடக்கநிலை பொது. நிலைமாற்றங்களை அட்டவணையாக எழுதுவோம். +1 என்பது எண்ணிக்கையைக் கூட்டுவதைக் குறிக்கும்.

இப்போதைய நிலை | உள்ளீடு க | புள்ளி | ஷ | வேறு எழுத்து | வேறு குறி
பொது | +1, க_கண்டது | பொது | +1, பொது | +1, பொது | பொது
க_கண்டது | +1, க_கண்டது | க்_கண்டது | +1, பொது | +1, பொது | பொது
க்_கண்டது | +1, க_கண்டது | பொது | பொது | +1, பொது | பொது

மூன்றாம் வரிசையில் ஷவின் கீழ் +1 இல்லை என்பதைக் கவனிக்க. பொறியின் உயிர் அந்த ஒரு கட்டத்தில் உள்ளது. இவ்வட்டவணையில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. "அப்படி ஓர் உள்ளீடு வராது" என மாணவர் நினைத்து விடும் கட்டத்திற்குரிய உள்ளீடே பெரும்பாலும் வந்து சேரும்.

"லக்ஷ்மி" என்பதை ஓட்டிப் பார்ப்போம். ல: எண்ணிக்கை 1, நிலை பொது. க: எண்ணிக்கை 2, நிலை க_கண்டது. புள்ளி: நிலை க்_கண்டது. ஷ: எண்ணிக்கை 2 ஆகவே இருக்கும், நிலை பொது. புள்ளி: மாற்றமில்லை. ம: எண்ணிக்கை 3. இகரக் குறி: மாற்றமில்லை. விடை 3, ல, க்ஷ், மி.

இப்பயிற்சியை வகுப்பிற் கொடுத்தபோது கூடுதலானோர் பிழைவிட்ட இடம் இரண்டாம் வரிசையின் முதற்கட்டமாகும். க_கண்டது நிலையில் இன்னொரு க வந்தால் 'பொது' என எழுதியிருந்தனர். "பக்கம்" என்னும் சொல்லைக் கொடுத்தால் அப்பிழை வெளிப்படாது. 4 எனச் சரியான விடையே வரும். "கக்ஷி" எனக் கொடுத்தால் வெளிப்படும். (கட்சி என்பதைப் பழைய பத்திரிகைகளில் இவ்வாறு அச்சிட்டனர்.) இரண்டாவது க வந்ததும் பொறி பொதுநிலைக்குப் போய்விடுவதால் பின்னர் வரும் புள்ளியும் ஷவும் சேர்ந்தவையெனத் தெரியாது, 2 என வரவேண்டியது 3 என வரும். ஆகவே சோதிக்கும் தரவைத் தெரிவு செய்யும்போது அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒருமுறையாவது தொடும் சொற்களைத் தேர்ந்தெடுக்க. 

அட்டவணை கையில் இருந்தால் செய்நிரல் எழுதுவது கடினமன்று.

நிலை = பொது
எண்ணிக்கை = 0
சரத்தின் ஒவ்வொரு வரியுருவுக்கும்:
    வரியுரு க எனின்:
        எண்ணிக்கை += 1
        நிலை = க_கண்டது
    இன்றேல், வரியுரு புள்ளி உம் நிலை க_கண்டது எனின்:
        நிலை = க்_கண்டது
    இன்றேல், வரியுரு ஷ உம் நிலை க்_கண்டது எனின்:
        நிலை = பொது
    இன்றேல்:
        வரியுரு குறி அன்று எனின்:
            எண்ணிக்கை += 1
        நிலை = பொது

கடைசி வரி எவ்வளவு உள்தள்ளப்பட்டுள்ளது என்பதைப் பார்க்க. அதனை இன்னும் ஒருபடி உள்ளே தள்ளினால், குறி வரும்போது நிலை மாறாது. அப்போது "காஷாயம்" என்பதில் க, ஆகாரக் குறி வந்த பின்னும் பொறி க_கண்டது நிலையிலேயே நிற்கும். இச்சொல்லில் தீங்கு நேராது. ஆயினும் அட்டவணையும் செய்நிரலும் வேறுபட்டுவிட்டன. இவ்வாறான வழு, வேறொரு சொல் வரும்வரை ஒளிந்திருக்கும்.

இப்பொறி நிலைமாற்றம் நிகழும்போது எண்ணுகின்றது. இவ்வாறு வருவிளைவு நிலையையும் உள்ளீட்டையும் சார்ந்திருக்கும் பொறி மீலி வகையாகும். நிலையை மாத்திரம் சார்ந்திருப்பின் மூர் வகையாகும். ஜோர்ஜ் மீலி 1955இலும் எட்வேர்ட் மூர் 1956இலும் வெளியிட்ட கட்டுரைகளால் இப்பெயர்கள் வந்தன.

4. சீனிக்குள் மறைந்த பொறி

இப்பகுதி மேலதிக வாசிப்புக்குரியது. வினாவாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் முதலிரு பகுதிகளும் சந்திக்கும் இடம் இதுவே.

வீதிச் சமிக்ஞை விளக்கு சிவப்பு, பச்சை, மஞ்சள் என மாறிமாறி வருகின்றது எனக் கொள்வோம். நிலைப்பொறியாக எழுதினால் நிலை என ஒரு மாறியும், சிவப்பு எனின் பச்சை, பச்சை எனின் மஞ்சள், மஞ்சள் எனின் சிவப்பு என மூன்று நிபந்தனைகளும் வேண்டும். பைதனில் 'யீல்ட்' என்னும் சொல்லைக் கொண்டு இவ்வாறும் எழுதலாம்.

சார்பு சமிக்ஞை:
    முடிவின்றித் திரும்பத் திரும்ப:
        சிவப்பு என்பதைக் கொடுத்து நிற்க
        பச்சை என்பதைக் கொடுத்து நிற்க
        மஞ்சள் என்பதைக் கொடுத்து நிற்க

நிலை மாறியும் இல்லை, நிபந்தனையும் இல்லை. சாதாரண சார்பு பெறுமானத்தைத் திருப்பியதும் முடிந்துவிடும். இதுவோ பெறுமானத்தைக் கொடுத்துவிட்டு அந்த வரியிலேயே உறங்குகின்றது; மீண்டும் கேட்டால் அடுத்த வரியிலிருந்து தொடர்கின்றது. எந்த வரியில் உறங்குகின்றது என்பதே அதன் நிலை. பைதன் 2.2இல், 2001ஆம் ஆண்டில், இது அறிமுகமானது. 2005இல் வந்த சீ ஷார்ப் 2.0 மொழியில் இதனையொத்த கூற்றைத் தொகுப்பான் எவ்வாறு கையாள்கின்றது என்பது சுவையானது: நாம் எழுதிய சார்பை அது நிலை எண்களுடன் கூடிய ஒரு நிலைப்பொறியாகவே மாற்றி எழுதிவிடுகின்றது. நாம் கையால் விரித்து எழுதியதை அங்கு தொகுப்பான் விரிக்கின்றது.

எதனைத் தெரிவு செய்வது? நிலைகள் ஒரே ஒழுங்கில் வருமாயின் சீனி வடிவம் வாசிக்க இலகு. பாதசாரி பொத்தானை அழுத்தினால் ஒழுங்கு மாறும், அவசர வாகனம் வந்தால் இன்னொருவாறு மாறும் என உள்ளீடுகள் பெருகுமாயின் அட்டவணையே என் தெரிவு. விடுபட்ட கட்டம் அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும், வரிகளுக்கிடையே தெரியாது.

5. பயிற்சி வினாக்கள்

(1) எண் = 5 எனின் 1 < எண் < 4 என்பது பைதனிலும் சீ மொழியிலும் என்ன பெறுமானத்தைத் தரும்?

(2) விளக்குச் செய்நிரலில் 'இன்றேல்' சேர்க்காமல், 'எனின்' கூற்றையே பயன்படுத்தாமல், ஒரே ஒப்படைக் கூற்றால் நிலையை மாற்றுக.

(3) எழுத்தெண்ணும் செய்நிரலில் 'இன்றேல், ... எனின்' என்னும் இரண்டையும் வெறும் 'எனின்' என மாற்றி, கடைசி 'இன்றேல்' பகுதியை அப்படியே விட்டால் "கல்" என்னும் சொல்லுக்கு என்ன விடை வரும்?

(4) ஸ்ரீ என்பதையும் ஓர் எழுத்தாக எண்ணுமாறு பொறியை விரிவாக்குக. எத்தனை நிலைகள் தேவை? "ஸ்ரீலங்கா", "பஸ்ரா" ஆகிய சொற்களால் சோதிக்க.

விடைக் குறிப்புகள்

(1) பைதனில் 1 < 5 உண்மை, 5 < 4 பொய், எனவே பொய். சீ மொழியில் 1 < 5 என்பது 1. 1 < 4 உண்மை.

(2) நிலையை உண்மை, பொய் என்னும் பூலியன் பெறுமானமாக வைத்து, நிலை = இல்லை நிலை என எழுதுக. இல்லைப் படலையின் வேலையே இது.

(3) விடை 3. கடைசி 'இன்றேல்' இப்போது மூன்றாவது 'எனின்' கூற்றுக்கு மாத்திரமே உரியது. க வந்ததும் முதல் நிபந்தனையில் ஒருமுறை எண்ணப்பட்டு, மூன்றாவது நிபந்தனை பொய் ஆவதால் மீண்டும் ஒருமுறை எண்ணப்படும். ல ஒன்று, புள்ளி எண்ணப்படாது.

(4) இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ, புள்ளி, ர வரை வந்தும் அது ஸ்ரீ ஆகுமா என்பது தெரியாது. ஈகாரக் குறி வந்தபின்னரே தெரியும். எனவே ரவை வழமைபோல எண்ணிவிட்டு, ஈகாரக் குறி வந்தால் எண்ணிக்கையிலிருந்து 1ஐக் கழிக்கவேண்டும். ஸ_கண்டது, ஸ்_கண்டது, ஸ்ர_கண்டது என மூன்று புதிய நிலைகள், மொத்தம் 6. எந்நிலையில் ஸ வந்தாலும் +1 உடன் ஸ_கண்டது நிலைக்குச் செல்லவேண்டும்; அதுபோலவே புதிய நிலைகளில் க வந்தால் +1 உடன் க_கண்டது நிலைக்குச் செல்லவேண்டும். "ஸ்ரீலங்கா" என்பதற்குப் பழைய பொறி 5 என்னும், புதிய பொறி 4 என்னும். "பஸ்ரா" என்பதில் ரவுக்குப் பின் ஆகாரக் குறி வருவதால் கழித்தல் நிகழாது, விடை 3.